காயத்தின் படம்: எடுக்கும் முறையும் காக்கும் முறையும்

கட்டுப் பிரித்த காயத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து மருத்துவருக்கு அனுப்புவது இன்று இலுப்பூர் வட்டாரத்தில் புதுமை அன்று. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரின் தையல், சர்க்கரை நோயாளியின் பாதப்புண், குழந்தையின் மேனியில் திடீரென எழுந்த தடிப்பு ஆகிய யாவும் முதலில் கைப்பேசிக்குள் போகின்றன. பிறகே மருத்துவரின் கண்ணுக்குப் போகின்றன. ராப்பூசலிலிருந்தோ முக்கண்ணாமலைப்பட்டியிலிருந்தோ ஒரு முதியவரைப் பேருந்தில் ஏற்றி, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்சிக்கோ அழைத்துச் சென்று திரும்பினால், உடன் சென்றவரின் அன்றையக் கூலி போய்விடும். தெளிவான படம் ஒன்று அந்தப் பயணத்தைச் சில வேளைகளில் தவிர்க்கும். வேறு சில வேளைகளில், நாளை போகலாம் என்று இருந்தவரை இன்றே புறப்படச் செய்யும்.

அதே படம் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கும், துபாயில் இருக்கும் மருமகனுக்கும், நாற்பது பேர் கொண்ட குடும்பக் குழுவுக்கும் போவதுண்டு. அக்கறையோடு அனுப்பப்படுவதுதான். ஆயினும் தோலின் ஒவ்வொரு மடிப்பும் தெரியும்படி நெருங்கி எடுத்த படத்தில் மருத்துவருக்குப் பயன்படும் நுணுக்கம் எதுவோ, அதுவே பிறர் கையில் அந்த மனிதரின் அந்தரங்கமாகவும் இருக்கிறது. ஆகவே இவ்விரண்டையும், அதாவது நன்றாக எடுப்பதையும் நன்றாகக் காப்பதையும், ஒரே வேலையின் இரு பாதிகளாகக் கொள்வது நலம்.

தமிழ்நாட்டில் இத்தகைய அண்மைப் படங்கள் மருத்துவத்துக்கு உதவத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகின்றன. 2000-களின் நடுப்பகுதியில், தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் சிறு கண் பரிசோதனை மையங்கள் அமைக்கப்பட்டன. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நெடுந்தொலைவு செல்லும் வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தனர். மையத்தில் இருந்த பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணின் முன்பகுதியை மிக நெருக்கத்தில் படம் எடுப்பார். தேனியில் இருந்த மருத்துவர் அதைப் பார்த்து, நோயாளியோடு திரையில் பேசுவார். மருத்துவமனைக்கு வந்தே ஆக வேண்டியவர் யார், அங்கேயே கண்ணாடியோ சொட்டு மருந்தோ பெற்றுத் திரும்பக் கூடியவர் யார் என்பது அந்தப் படத்தால் தெரிந்தது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 25 அன்று, நடுவண் அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே வீட்டிலிருந்தபடி மருத்துவரைக் காணும் இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவை தொடங்கியது. தேனியில் பயிற்சி பெற்ற ஒருவர் செய்த வேலை, இப்போது நம் வீட்டுத் திண்ணையில் மகளின் கையிலோ பேரனின் கையிலோ வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பயிற்சியில் கொஞ்சமேனும் அவர்களுக்கும் வேண்டாமா?

எத்தனை நெருக்கம்?

பலரும் செய்யும் முதல் தவறு, கைப்பேசியைப் புண்ணின் மேல் முட்டுமளவு கொண்டு போவது. பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ், ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்குக் குறைவான தூரத்தில் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. சில புதிய கைப்பேசிகளுக்கு அதைவிடவும் கூடுதல் தூரம் வேண்டும். அதற்குள் சென்றால் படம் மங்கும். மேலும், மிக நெருங்கி எடுக்கும்போது நடுவில் இருப்பது உப்பியும் ஓரங்கள் சுருங்கியும் தோன்றும். இல்லாத வீக்கத்தை மருத்துவர் படத்தில் காண நேரும்.

எனவே ஒரு முழம் அளவு பின்வாங்குங்கள். திரையில் இரு மடங்கு பெரிதாக்கி, புண்ணின் மேல் விரலால் ஒருமுறை தொடுங்கள். லென்ஸ் அந்த இடத்தில் குவியும். பிறகு எடுங்கள். விலை குறைந்த சில கைப்பேசிகளில் மேக்ரோ என்று தனி லென்ஸ் ஒன்று இருக்கும். விளம்பரத்தில் அதற்குப் பெருமை அதிகம். பெரும்பாலும் அதன் தரம் முதன்மை லென்சின் தரத்தில் பாதிகூட இராது. இரண்டாலும் ஒவ்வொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

நெருக்கத்தில் எடுக்கும் படத்துக்கு இன்னொரு குணம் உண்டு. தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. கைப்பேசி சாய்ந்திருந்தால் புண்ணின் ஒரு கரை தெளிவாகவும் மறு கரை மங்கலாகவும் விழும். கைப்பேசியின் முதுகு தோலுக்கு இணையாக, ஒரு பலகையின் மேல் மற்றொரு பலகை பிடித்தாற்போல் இருக்க வேண்டும். குதிகால், காது மடல் போன்ற வளைந்த இடங்களுக்கு ஒரே படத்தில் எல்லாம் வர வேண்டும் என்று முயல வேண்டாம்; இரண்டு மூன்று கோணங்களில் தனித்தனியாக எடுப்பதே எளிது. முழங்கைகளைக் கட்டில் சட்டத்திலோ உங்கள் மடியிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். நோயாளி மூச்சை விட்டபின் வரும் சிறு இடைவெளியில் பொத்தானை அழுத்துங்கள். கை நடுங்கும் என்றால் இரண்டு அல்லது மூன்று நொடி தாமதம் வைக்கும் வசதி எல்லாக் கைப்பேசிகளிலும் இருக்கிறது.

வெளிச்சம்தான் பாதி வேலை. காலை வேளையில் சன்னலோரம் போதும். நேர் வெயில் வேண்டாம். ஃபிளாஷ் ஈரமான புண்ணில் பட்டால் வெள்ளைத் திட்டாகப் பளிச்சிடும், அடியில் இருக்கும் நிறம் மறைந்துபோகும். அறை இருட்டாக இருந்தால், மற்றொருவர் கைப்பேசியின் டார்ச்சை வெள்ளைக் கைக்குட்டையால் மூடி, பக்கவாட்டிலிருந்து காட்டலாம். பக்கவாட்டு ஒளியின் அருமை நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதன்று. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டை உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் பாறையாகத் தோன்றும். வெளிச்சம் சாய்வாக விழும்போது எழுத்துகள் எழுந்து நிற்கும். தோலில் எழும் தடிப்பும் கொப்புளமும் அப்படியே. அவை மேலெழுந்து நிற்கின்றனவா, தட்டையாக உள்ளனவா என்பதை மருத்துவர் அறிய விரும்பினால், சாய்ந்த ஒளியில் ஒரு படம் கூடுதலாக அனுப்புங்கள்.

நிறம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று மருத்துவர் கேட்பார். மாநிறத்திலும் கறுத்த மேனியிலும் அழற்சி பல வேளைகளில் சிவப்பாகத் தெரியாது; சுற்றிலும் உள்ள தோலைவிடக் கருமையாகவோ, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்ததாகவோ தெரியும். ஆகவே புண்ணோடு, அதே உறுப்பில் நோயில்லாத தோலும் படத்தில் விழ வேண்டும். இடது காலில் வீக்கம் என்றால் இரு கால்களையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தால் எல்லார் கண்ணிலும் மஞ்சட்காமாலை தெரியும். பச்சை, நீல விரிப்புகளும் படத்தின் நிறத்தைத் திரிக்கும். அடியில் ஒரு வெள்ளைத் துணி விரிப்பது நல்லது. முகத்தை எடுக்கும்போது மட்டும் மறவாமல் ஒன்றைச் சரிபாருங்கள்: பல கைப்பேசிகள் முகத்தை அழகுபடுத்தும் வசதியோடுதான் கடையிலிருந்து வருகின்றன. அது பருவையும் தழும்பையும் தடிப்பையும் தானாக அழித்துவிடும். மணமேடைப் படத்துக்கு அது உதவலாம். தோல் மருத்துவருக்கு அது பொய் சொல்லும்.

அளவு காட்ட ஏதேனும் ஒன்றைப் புண்ணின் அருகில், அதைத் தொடாமல் வையுங்கள். பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் மிகச் சிறந்தது. நாணயம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் 2011 வரிசையில் 22 மில்லிமீட்டர் அகலம். 2019 வரிசையில் 20 மில்லிமீட்டர். ஐந்து ரூபாயும் 23-லிருந்து 25 ஆகிவிட்டது. பத்து ரூபாய் மட்டும் இரு வரிசையிலும் 27 மில்லிமீட்டராகவே இருக்கிறது. கடைகளில் வாங்க மறுக்கிறார்களே என்று வீட்டில் போட்டு வைத்திருக்கும் பத்து ரூபாய் நாணயத்துக்கு இப்படி ஒரு பயன் உண்டு. சோப்பு நீரில் கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள்.

முதலில் சற்றுத் தள்ளி நின்று, புண் உடலின் எந்தப் பகுதியில் உள்ளது என்று தெரியும்படி ஒரு படம். பிறகு நெருங்கி ஒன்று. தேவையானால் சாய்ந்த ஒளியில் ஒன்று. மூன்று படங்களுக்கு மேல் அனுப்பினால் மருத்துவர் எதைப் பார்ப்பது என்று திணறுவார். ஆறாத புண்ணை வாரந்தோறும் எடுப்பவர்கள், ஒரே இடம், ஒரே நேரம், ஒரே தூரம் என்று வைத்துக்கொண்டால்தான் புண் சுருங்குகிறதா விரிகிறதா என்று ஒப்பிட முடியும். ஒரு துண்டுச் சீட்டில் தேதியும் "இடது பாதம்" என்பது போன்ற குறிப்பும் எழுதி அருகில் வையுங்கள். பெயரை அதில் எழுத வேண்டாம். பெயரையும் மருத்துவமனை எண்ணையும் தனிச் செய்தியாக அனுப்பலாம். காரணம் பின்னால் வருகிறது.

கை பழகுவதற்கு நோயாளியை வருத்த வேண்டியதில்லை. கறிவேப்பிலை ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து அதன் நரம்புகள் தெரியும்வரை எடுத்துப் பாருங்கள். நீண்ட நாள் படுக்கையில் இருப்பவர்களுக்கும் இது நல்ல பொழுதுபோக்கு. ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் இலுப்பை பூக்கும் பருவத்தில், உதிர்ந்த பூ ஒன்றைப் பேரப்பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தால், ஒரு பிற்பகல் முழுவதும் அதை எடுத்துக்கொண்டிருக்கலாம். கண் பார்வை குறைந்தவர்களுக்கு இதே பழக்கம் வேறு விதத்திலும் கைகொடுக்கும்: மாத்திரை அட்டையின் பின்புறம் மின்னும் தாளில் அச்சிட்ட காலாவதித் தேதியை வெறுங்கண்ணால் படிப்பது கடினம். அட்டையைச் சற்றுச் சாய்த்து, பளபளப்பு விலகியபின் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

சில படங்கள், சில எச்சரிக்கைகள்

குழந்தையின் முகத்தை ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது கண்மணி இரண்டும் சிவப்பாகத் தெரிவது இயல்பு. ஒரு கண்ணில் மட்டும் வெள்ளையாக ஒளிர்ந்தால், அதை வெளிச்சக் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். கோணத்தாலும் அவ்வாறு நேரலாம். ஆனால் கண்புரை, விழித்திரைப் புற்றுநோய் ஆகியவற்றின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும். அந்தப் படத்தை அழிக்காமல், நாள் கடத்தாமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்தநாள் படம் ஒன்றே பெற்றோரை மருத்துவரிடம் அனுப்பிய நிகழ்வுகள் உலகெங்கும் உண்டு.

இதற்கு நேர்மாறானது பாம்புக்கடி. கடித்த பாம்பைத் தேடிச் சென்று படம் எடுக்க வேண்டாம். நம் நாட்டில் கொடுக்கப்படும் நச்சுமுறி மருந்து, நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட ஒரே மருந்து. கடித்தது எது என்று தெரியாவிட்டாலும், அறிகுறிகளையும் இரத்தம் உறையும் நேரத்தையும் பார்த்தே மருத்துவர் சிகிச்சையைத் தொடங்குவார். வைக்கோல் போரைக் கிளறி நிற்கும் அந்தப் பத்து நிமிடங்களில், 108 வண்டி பாதி தூரம் வந்திருக்கும். மூச்சுத் திணறல், நிற்காத இரத்தப்போக்கு, நினைவு தப்புதல் ஆகியவற்றுக்கும் இதுவே பொருந்தும். படம் எடுத்துப் பதிலுக்குக் காத்திருக்கும் நோய்கள் அல்ல இவை.

படம் எங்கெல்லாம் போகிறது?

எடுப்பதற்கு முன் கேளுங்கள். "ஐயா, காலைப் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பட்டுமா?" என்று கேட்டு, அவர் தலையசைத்தபின் எடுங்கள். நம் அப்பாதானே, நம் அம்மாதானே என்று கேளாமலே எடுத்துவிடுகிறோம். படுத்திருப்பவருக்கு எழுந்து கதவைச் சாத்த முடியாது. போர்வையை இழுத்துக்கொள்ளக்கூட முடியாத நிலை இருக்கலாம். அவரிடம் மிஞ்சியிருப்பது ஆம், இல்லை என்று சொல்லும் உரிமை ஒன்றுதான். தொலைமருத்துவ நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன. நோயாளி தாமே மருத்துவரை அழைத்தால் இசைவு தந்ததாகக் கொள்ளப்படும். பராமரிப்பவரோ சுகாதாரப் பணியாளரோ தொடங்கினால், நோயாளியின் வெளிப்படையான இசைவு வேண்டும். நேரில் வரத் தயாராக இருப்பவரை, படத்திலேயே காட்டு என்று மருத்துவர் வற்புறுத்தக் கூடாது. நோயாளியின் படங்களைத் தவறாகப் பயன்படுத்துவது மருத்துவருக்குத் தொழில் ஒழுக்கக் கேடு ஆகும். பெண்கள், குறிப்பாக, மார்பிலோ இடுப்புக்குக் கீழோ உள்ள நோயைப் படமாக அனுப்பக் கூசினால், நேரில் வந்து காட்டுகிறேன் என்று சொல்லத் தயங்க வேண்டியதே இல்லை.

இசைவு பெற்றபின் சட்டத்துக்குள் விழுபவற்றைப் பாருங்கள். பக்கத்துக் கட்டிலில் உள்ளவர், சுவரில் தொங்கும் குடும்பப் படம், மேசைமேல் கிடக்கும் ஆதார் அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகிய யாவும் படத்தில் ஏறிவிடும். முகம் வேண்டாத இடத்தில் முகம் வேண்டாம். பெயர்ச் சீட்டு வைக்க வேண்டாம் என்றதும் இதற்காகவே: படம் கை மாறினாலும், அது யாருடைய கால் என்று சொல்லும் அடையாளம் அதில் இராது.

கண்ணுக்குத் தெரியாத அடையாளமும் ஒன்று உண்டு. கைப்பேசி எடுக்கும் படத்துக்குள்ளேயே எடுத்த நாள், நேரம், கைப்பேசியின் வகை ஆகியவை பதிவாகின்றன. இடத்தைப் பதிவு செய்யும் வசதி திறந்திருந்தால், வீட்டின் இருப்பிடம்கூட ஜிபிஎஸ் எண்களாக உள்ளே அமர்ந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்புகள் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் படத்தின் முழுத் தரமும் போகும், குறிப்புகளும் கூடவே போகும். மருத்துவர் முழுத் தரத்தில் கேட்டால் கேமரா அமைப்பில் இடப் பதிவை நிறுத்திவிட்டு எடுத்து, ஆவணமாக அனுப்பலாம்.

கைகளைப் படம் எடுப்பதில் தனிக் கவனம் வேண்டும். பிரிட்டனில் சவுத் வேல்ஸ் காவல்துறையினர், வாட்ஸ்அப்பில் கிடைத்த ஒரு படத்தைக் கொண்டு போதைப்பொருள் விற்றவரைக் கண்டுபிடித்த செய்தி 2018-இல் வெளிவந்தது. படத்தில் இருந்தது மாத்திரைகளை ஏந்திய ஒரு கை. அதில் தெரிந்த விரல் ரேகையின் சிறு பகுதியே போதுமானதாக இருந்தது. அதற்கும் முன்னர், 2014-இல், ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சரது விரல் ரேகையைப் பொது நிகழ்ச்சிப் படங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டினார் ஒரு கணினி வல்லுநர். ரேஷன் கடையிலும் வங்கி முகவரிடமும் ரேகை வைத்தே காரியம் நடக்கும் நாட்டில் இதை எளிதாக எண்ண முடியாது. புறங்கையில் அரிப்பு என்றால் புறங்கையை மட்டும் எடுங்கள். உள்ளங்கையே நோயின் இடம் என்றால், மருத்துவர் ஒருவருக்கு அனுப்பலாம். பொதுவில் பதிய வேண்டாம். ஆதாரின் ரேகைப் பயன்பாட்டை எம்-ஆதார் செயலியில் பூட்டி வைக்கவும் வேண்டும்போது திறக்கவும் வழி இருக்கிறது.

குழந்தைகளின் படத்துக்கு வருவோம். 2021 பிப்ரவரியில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தந்தை, தம் சிறு மகனின் பிறப்புறுப்பில் கண்ட வீக்கத்தைப் படம் எடுத்தார். படம் கேட்டவர் மருத்துவமனைச் செவிலியர். மருத்துவர் அதைப் பார்த்து மருந்து தந்தார், குழந்தை குணமானது. ஆனால் அந்தப் படம் கைப்பேசியிலிருந்து தானாக கூகுள் சேமிப்புக்கும் சென்றிருந்தது. அங்குள்ள கணினி நிரல் அதைக் குழந்தைகள் மீதான பாலியல் குற்றப் படம் என்று கணித்தது. அவருடைய மின்னஞ்சல், தொடர்பு எண்கள், பல ஆண்டுப் படங்கள் யாவும் முடக்கப்பட்டன. காவல்துறை விசாரித்து, குற்றம் ஏதும் இல்லை என்று முடித்தது. அதன் பின்னும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக வெளியிட்டது. இத்தகைய கணினிக் காவல் தேவையற்றது என்று சொல்ல வரவில்லை. குழந்தைகளைக் காக்க அது வேண்டும். பெற்றோர் தம் பங்குக்குச் செய்யக்கூடியது, குழந்தையின் அந்தரங்க உறுப்பில் நோய் என்றால் படம் எடுக்காமல் நேரில் காட்டுவதே. அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் இல்லை, காத்திருக்கும் நேரம் மட்டும்தான்.

அந்தத் தந்தைக்கு நேர்ந்ததன் வேர், தாம் அறியாமலே நடந்த தானியங்கிச் சேமிப்பு. உங்கள் கைப்பேசியிலும் அது நடந்துகொண்டிருக்கலாம். கூகுள் ஃபோட்டோஸ் செயலியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் சேமிப்பு ஓடுகிறதா இல்லையா என்று காட்டும். வீட்டுக் கணக்கு ஒன்றையே மூவர் பயன்படுத்துகிறார்கள் என்றால், தாயின் தையல் படம் பள்ளியில் படிக்கும் பையனின் கைப்பேசியிலும் தோன்றும். பூட்டிய கோப்புறை என்ற வசதி அதே செயலியில் உண்டு. நோய்ப் படங்களை அங்கே மாற்றினால், கேலரியைப் புரட்டுபவர் கண்ணில் அவை படா.

வாட்ஸ்அப்பில், வரும் படங்கள் பெறுபவரின் கேலரியில் தாமாகவே இறங்கிக்கொள்வதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? நீங்கள் இங்கிருந்து அனுப்பிய புண், அங்கே திருமணப் படங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். பெறுபவர் அந்த வசதியை நிறுத்தி வைக்கலாம். அனுப்பிய செய்தியை எல்லாரிடமிருந்தும் நீக்க ஏறத்தாழ இரண்டரை நாள் அவகாசம் உண்டு; ஆயினும் கேலரியில் இறங்கிய படம் அதனால் போய்விடும் என்ற உறுதி இல்லை. ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பும் வசதி, ஒன்று என்ற எண் பொறித்த வட்டமாகத் தெரியும். நெருங்கிய ஒருவருக்குக் காட்ட அது நல்லது. மற்றொரு கைப்பேசியால் திரையைப் படம் எடுப்பவரை அது தடுக்காது. மருத்துவருக்கு அனுப்ப அது ஏற்றதும் அன்று. சென்ற வாரப் படத்தோடு அவர் ஒப்பிட வேண்டியிருக்கும்.

குடும்பக் குழுவுக்குப் படமே தேவையில்லை என்பது என் கருத்து. "தையல் காய்ந்துவிட்டது, காய்ச்சல் இல்லை, வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள்" என்ற மூன்று வாக்கியங்கள், சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குப் படத்தைவிடத் தெளிவான செய்தி. அவர் பார்த்தே ஆக வேண்டும் என்றால் காணொளி அழைப்பில் அப்பாவோடு பேசும்போது அப்பாவே காட்டட்டும். உதவி வேண்டிப் பொதுவில் பதிபவர்களின் நிலை வேறு, அதன் தவிப்பும் வேறு. அவர்களும் புண்ணின் படத்தையும் ஆதார் எண்ணையும் விட்டுவிட்டு, மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதத்தில் முகவரியையும் எண்களையும் மறைத்துப் பதிவது பாதுகாப்பு. ஆதார் கேட்கும் இடங்களில் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரலாம்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? 2017 ஆகஸ்ட் 24 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஒருவருடைய அந்தரங்க உறுப்பை அவர் இசைவின்றிப் படம் எடுப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனைக்கோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவுகளைக் கையாளும் நிறுவனங்களுக்குக் கடமைகளை விதிக்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்பப் பயன்பாட்டுக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. மாமாவின் கால் படத்தைக் குழுவில் போட்ட மருமகனை அது கேள்வி கேட்காது. அந்த இடத்தில் காவல் நிற்க வேண்டியவர்கள் வீட்டார்தாம்.

படம் தவறான கைக்குப் போய், மிரட்டலோ பண வசூலோ தொடங்கினால், பணம் கொடுக்காதீர்கள், உரையாடலை அழிக்காதீர்கள். திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அதிகம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்கள் குறித்துப் பெயர் சொல்லாமலும் அந்தத் தளத்தில் புகார் தரலாம். பதினெட்டு வயது நிரம்பியவர்களின் அந்தரங்கப் படங்களுக்கு ஸ்டாப்-என்சிஐஐ என்ற பன்னாட்டுச் சேவை 2021 முதல் இருக்கிறது. படத்தை அங்கே அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் கைப்பேசியிலேயே அதற்கு ஓர் எண் முத்திரை உருவாகி, அந்த முத்திரை மட்டும் செல்லும். இதில் இணைந்துள்ள ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அதே படம் ஏறுகிறதா என்று அதைக் கொண்டு பார்க்கும்.

இவற்றுக்கெல்லாம் இடம் வராமல் செய்வது, தேவை முடிந்ததும் அழிப்பது. எப்போது அழிப்பது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். புண் முழுதும் ஆறும்வரை பழைய படங்கள் அவருக்கு வேண்டியிருக்கலாம். கேலரியில் அழித்தபின் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். கூகுள் ஃபோட்டோசில், சேமிப்புக்குச் சென்ற படம் அங்கே 60 நாள் கிடக்கும். ஐபோனில் 30 நாள். வாட்ஸ்அப் உரையாடலில் உள்ள பிரதியைத் தனியே நீக்க வேண்டும். கைப்பேசியைப் பழுது பார்க்கக் கொடுப்பதற்கும் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குவதற்கும் முன்னர் இதைச் செய்வது கட்டாயம். சில நோயாளிகள், தாம் தேறி வந்ததற்குச் சான்றாக அந்தப் படங்களை வைத்துக்கொள்ள விரும்புவார்கள். சிலர் இனி பார்க்கவே கூடாது என்பார்கள். நடமாடத் தொடங்கியவரின் கையில் கைப்பேசியைக் கொடுத்து, எது இருக்கட்டும் எது போகட்டும் என்று அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள்.